யோப்பாவின் சீமோனும் நம் கல்லறைச் சுவர்களும்

அமெரிக்க நாட்டில் கறுப்பின மக்கள் பட்ட பாடுகளைக் கேட்கும்போது நம் உள்ளம் எளிதில் உருகிவிடுகிறது. ஆபிரகாம் லிங்கனைப் பற்றி நம் பிள்ளைகள் பேச்சுப் போட்டிகளில் முழங்குகின்றனர். மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரை நம் மறையுரைகளில் மரியாதையோடு கேட்கிறோம். 2020ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் மினியாபொலிஸ் நகரத் தெருவில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவரின் கழுத்தை ஒரு காவலரின் முழங்கால் ஒன்பது நிமிடங்களுக்கும் மேலாக நெரித்துக் கொன்றதைக் கண்டபோது, "இப்படியும் ஒரு நாடா?" என்று கேட்காதவர் நம்மில் எவர்?

கண்ணீர் நல்லதே. ஆனால் கடல்கடந்த துயருக்கு மட்டும் சுரந்து, கண்முன் நிற்கும் துயருக்கு வற்றிப்போகும் கண்ணீரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கத்தோலிக்கப் பொதுநிலையினராகிய நாம் இக்கேள்வியை இனியும் ஒத்திப்போட முடியாது.

இதை ஆலங்காயத்திலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. சவ்வாது மலையடியிலுள்ள இந்தச் சிற்றூரைச் சுற்றிய உலகம் தோலால் ஆனது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டிய ஊர்களெல்லாம் தோலை நம்பி வாழ்கின்றன. விடியற்காலையில் காலணி நிறுவனப் பேருந்துகள் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிச் செல்கின்றன. அவர்கள் தைக்கும் காலணிகள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகின்றன. அந்நாட்டில் வெள்ளையர் காலிலும் கறுப்பர் காலிலும் இருப்பது ஒருவேளை நம் ஊர்த் தோலாகவே இருக்கலாம்.

நம் மொழியில் உடம்பின் மேனிக்கும் பதனிட்ட விலங்குரிக்கும் ஒரே சொல்தான்: தோல். அங்கே மனிதனைப் பிரித்தது அவனுடைய தோலின் நிறம். இங்கே மனிதனைத் தீண்டத்தகாதவன் ஆக்கியது, செத்த மாட்டின் தோலை அவன் தொட்டான் என்ற குற்றச்சாட்டு. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி ஊறிய தோலைத் தூக்குவதும், சதை சீவுவதும், கழிவுத் தொட்டியைக் கழுவுவதும் தலைமுறை தலைமுறையாக எந்தத் தெருக்காரர்களின் வேலை என்பது இப்பகுதியில் எவருக்கும் தெரியாததல்ல. ஆவாரம்பட்டை போய் குரோமியம் வந்தது. கையுழைப்பு குறைந்து இயந்திரங்கள் வந்தன. ஆனால் அழுக்கு வேலைக்குரிய தெரு மட்டும் எளிதில் மாறவில்லை.

பேதுரு தங்கிய வீடு

திருத்தூதர் பணிகள் நூலில் நாம் வேகமாகக் கடந்துவிடும் ஒரு செய்தி உண்டு. யோப்பா நகரில் பேதுரு பல நாள் தங்கியிருந்தார். எவருடைய வீட்டில்? தோல் பதனிடும் சீமோன் என்பவருடைய வீட்டில். கடலோரத்தில் இருந்த வீடு அது. செத்த விலங்கைத் தொடுவது யூதச் சட்டப்படி தீட்டு. ஆகவே அத்தொழில் செய்தவர்களை அச்சமுதாயம் இழிவாகவே நோக்கியது. அவர் வீட்டில்தான் திருச்சபையின் தலைவர் உண்டார், உறங்கினார். அவர் வீட்டு மாடியில்தான் விண்ணிலிருந்து இறங்கிய விரிப்பைக் கண்டார். கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டு என்று சொல்லாதே என்ற குரலையும் அங்கேதான் கேட்டார். அங்கிருந்து புறப்பட்டுத்தான் பிற இனத்தவரான கொர்னேலியுவின் வீட்டு வாசலை மிதித்தார்.

பிற இனத்து மக்களாகிய நமக்குத் திருச்சபையின் கதவு திறந்தது ஒரு தோல் தொழிலாளியின் வீட்டில்! எருசலேம் ஆலய முற்றத்திலோ ஆளுநர் மாளிகையிலோ அல்ல. இதை மற்ற ஊர்க்காரர்கள் மறக்கலாம். பாலாற்றங்கரைக் கத்தோலிக்கர் மறக்கலாமா?

ஆனால் தமிழ்நாட்டில் நடந்தது என்ன? 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, சாதி வழக்கங்கள் சமுதாய வழக்கங்களே, அவை சமயத்துக்கு முரணல்ல என்று வாதாடினார். 1623ஆம் ஆண்டு திருத்தந்தை 15ஆம் கிரகோரி, மூடநம்பிக்கை நீங்கிய நிலையில் அவ்வழக்கங்கள் சிலவற்றுக்கு இசைவளித்தார். பின்னர் உயர்சாதியினருக்குத் தனிக் குருக்களும் தாழ்த்தப்பட்டோருக்குப் பண்டார சுவாமிகளும் வந்தனர். அந்தப் பிரிவினை எவ்வளவு ஆழமாகச் சென்றது என்றால், சாகக்கிடக்கும் பறையர் ஒருவருடைய குடிசைக்குள் குரு நுழைந்து அருளடையாளம் வழங்க வேண்டும் என்று உரோமை ஆணையிட வேண்டியிருந்தது. 1744ஆம் ஆண்டு திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் அந்த ஆணையை வெளியிட்டார். பேதுரு தானாக நுழைந்த வாசலில், பேதுருவின் வழிவந்தவர்கள் நுழைவதற்கு ஓர் ஆணை தேவைப்பட்டது!

அமெரிக்கத் திருச்சபையின் பாவமும் பரிகாரமும்

அமெரிக்கத் திருச்சபையும் தூய்மையானதல்ல. 1838ஆம் ஆண்டு மேரிலாண்ட் இயேசு சபையினர் தம் பண்ணைகளிலிருந்த அடிமைகளான 272 ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் விற்றனர். அந்தப் பணத்தில் ஒரு பங்கு ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைத்தது. அடிமையாகப் பிறந்த அகஸ்டஸ் டோல்டன் குருவாக விரும்பியபோது எந்த அமெரிக்கக் குருமடமும் அவரைச் சேர்க்கவில்லை. அவர் உரோமைக்குச் சென்று பயின்று, 1886ஆம் ஆண்டு அங்கேயே குருத்துவம் பெற்றார். வெள்ளையர் நன்மை வாங்கி முடிக்கும்வரை கறுப்பர்கள் பின்வரிசையில் காத்திருந்த கோயில்கள் பல. நாட்டின் உச்ச நீதிமன்றமே 1896ஆம் ஆண்டு, தனித்தனியாக வைத்தாலும் சமமாக வைத்தால் குற்றமில்லை என்று தீர்ப்பளித்திருந்தது. அத்தீர்ப்பை 1954ஆம் ஆண்டு அதே நீதிமன்றம் தூக்கி எறிந்தது.

ஆனால் அந்தத் திருச்சபையில் சிலர் பாவத்தைப் பாவம் என்று பெயரிட்டார்கள். 1947ஆம் ஆண்டு, நீதிமன்றம் விழித்துக்கொள்வதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பே, செயின்ட் லூயிஸ் பேராயர் ஜோசப் ரிட்டர் தம் மறைமாவட்டப் பள்ளிகளைக் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார். வெள்ளையரான பெற்றோர் சிலர் ஒன்றுகூடி வழக்குத் தொடரப்போவதாக மிரட்டினர். அவ்வாறு செய்வோர் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவர் என்று பேராயர் எச்சரித்தார். வழக்கு வரவில்லை.

1955ஆம் ஆண்டு லூசியானா மாநிலத்தில் ஜெசூட் பெண்ட் என்ற சிற்றூரில், திருப்பலி நிறைவேற்ற வந்த கறுப்பினக் குருவை வெள்ளையர் தடுத்தனர். நியூ ஆர்லியன்ஸ் பேராயர் ஜோசப் ரம்மெல் அக்கோயிலில் வழிபாட்டையே நிறுத்திவிட்டார். மறு ஆண்டு, இனப் பிரிவினை பாவம் என்று சுற்றுமடல் எழுதினார். ஆனால் பள்ளிகளில் அதை ஒழிக்க அவர் 1962 வரை தாமதித்தார். அந்தத் தாமதம் குற்றமே. இறுதியில் ஒழிக்க முற்பட்டபோது, எதிர்ப்பைத் தூண்டிய மூவரைத் திருச்சபையிலிருந்து விலக்கி வைக்கவும் அவர் தயங்கவில்லை. 1979ஆம் ஆண்டு அமெரிக்க ஆயர்கள் அனைவரும் சேர்ந்து, இனவெறி ஒரு பாவம் என்று மடல் வெளியிட்டனர். 2017ஆம் ஆண்டு, விற்கப்பட்ட அந்த 272 பேரின் வழித்தோன்றல்கள் முன்னிலையில் இயேசு சபையினர் மன்னிப்புக் கோரினர்.

இவற்றால் அமெரிக்கா விண்ணகமாகிவிடவில்லை. 2022ஆம் ஆண்டு அந்நாட்டு மத்திய வங்கி எடுத்த கணக்கின்படி, நடுத்தரமான வெள்ளையர் குடும்பமொன்றின் சொத்து, நடுத்தரமான கறுப்பர் குடும்பத்தின் சொத்தைப் போல் ஆறு மடங்குக்கும் மேல். ஆனால் அந்தக் கணக்கை அவர்கள் எடுக்கிறார்கள், அச்சிடுகிறார்கள், தங்கள் அவமானத்தை எண்களில் எழுதி உலகத்தின் முன் வைக்கிறார்கள். நம் பங்குகளில் அப்படி ஒரு கணக்கு எங்கே இருக்கிறது?

சுவரைக் காத்தவர் யார்?

"ஆயர்கள் ஏன் பேசவில்லை? குருக்கள் ஏன் செய்யவில்லை?" என்று கேட்பது பொதுநிலையினராகிய நமக்கு வசதியானது. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், இரு சாதியார் ஒருவரையொருவர் பாராமல் பூசை காணும்படி, பீடத்தில் வந்து கூடும் இரண்டு நீண்ட நடுக்கூடங்களுடன் கோயில் எழுந்தது. 1910ஆம் ஆண்டு பிரிவினைத் தடுப்பு அகற்றப்பட்டது. அகற்றியது திருச்சபை அதிகாரம். அதை எதிர்த்து நீதிமன்றம் ஏறியவர்கள் பொதுநிலையினர்! தமக்குத் தனியிடம் வேண்டும் என்று ஆயர் மீதே வழக்குத் தொடுத்து, சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றார்கள்.

திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கிடையே எழுப்பிய சுவரை இடிக்கக் கோரி எத்தனை போராட்டங்கள்! இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்து எறையூரில், தங்களுக்குச் சமமான இடம் கிடைக்காததால் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டனர். 2008ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் அங்கு மோதல் மூண்டது. காவல்துறை சுட்டதில் இருவர் மாண்டனர். ஒரே அப்பத்தில் பங்குபெறுவோர் வாழும் ஊரில் துப்பாக்கி பேசியது.

சுவரைச் சுண்ணாம்பாலும் செங்கல்லாலும் மட்டுமா கட்டுகிறோம்? மணமகள் தேவை என்று விளம்பரம் கொடுக்கும்போது 'ஆர்.சி.' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் சாதிப் பெயரை எழுதுகிறோமே, அது சுவர் இல்லையா? தேர்ப்பவனி எந்தத் தெருவோடு திரும்ப வேண்டும் என்று விழாக்குழு கூடி முடிவு செய்கிறதே, அது சுவர் இல்லையா? 2016ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது. இந்நாட்டுக் கத்தோலிக்கர் ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் பேரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும், தலைமைப் பொறுப்புகளில் அவர்களுக்குரிய பங்கு இல்லை என்றும் ஒப்புக்கொண்டது. ஆயர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டதை நாம் வாயால் ஒப்புக்கொள்ள மறுக்கிறோம்.

செருப்புத் தைத்த சூசையின் வழக்கு

இந்த மறுப்பினால் என்ன கேடு என்று கேட்கலாம். அதற்கு விடையாக ஒரு தோல் தொழிலாளியின் வழக்கே உண்டு.

1980களின் தொடக்கத்தில், சாலையோரம் செருப்புத் தைக்கும் தாழ்த்தப்பட்டோருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை வழங்கியது. சென்னையில் அத்தொழில் செய்துவந்த சூசை என்பவர் ஆதிதிராவிடர், கிறித்தவரும்கூட. உழைப்பாளரின் பாதுகாவலரான புனித சூசையப்பரின் பெயரைத் தாங்கியவர். அதே வெயில், அதே ஊசி, அதே தோல். ஆனால் கிறித்தவர் என்பதால் அவருக்குக் கடை மறுக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதோர் பட்டியல் இனத்தவர் ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே நிற்கின்றனர்.

சூசை உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1985ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது. பழைய சமுதாயத்தில் பட்ட கொடுமை புதிய சமயத்துக்குள்ளும் அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிறுவ வேண்டும். அதற்குரிய சான்றுகள் முன்வைக்கப்படவில்லை என்று நீதிமன்றம் கூறியது. சூசை தோற்றார்.

சான்றுகள் இல்லையாம்! நம் கல்லறைகள் எங்கே போயின? நம் தேர்வீதிகள் எங்கே போயின? பந்தி வேறு, பாடை வேறு என்று வாழ்ந்துகொண்டே, வெளியார் கேட்டால் "எங்கள் சமயத்தில் சாதி கிடையாது" என்று பெருமை பேசிய நாம்தான் அந்தச் சான்றுகளை மூடி மறைத்தோம். நம்முடைய அந்த ஒரு வாக்கியம் அரசின் கையில் ஆயுதமாயிற்று. அது வெட்டியது உயர்சாதிக் கிறித்தவரை அல்ல. சாலையோரத்தில் செருப்புத் தைத்த ஏழையை.

விளைவு இன்றுவரை தொடர்கிறது. தமிழ்நாட்டில் தலித் கிறித்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். சில கல்வி உதவிகளை மாநில அரசு அவர்களுக்கும் நீட்டித்துள்ளது உண்மை. ஆனால் ஊராட்சித் தனித் தொகுதியில் அவர் நிற்க முடியாது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குக் காவலாக வராது. ஆகவே திருமுழுக்கு ஏட்டில் ஒரு பெயர், சாதிச் சான்றிதழில் வேறொரு பெயர் என்று எத்தனையோ குடும்பங்கள் இரட்டை வாழ்வு வாழ்கின்றன. அதையும் 2024ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம், அரசமைப்பை ஏமாற்றும் செயல் என்று கண்டித்துவிட்டது. ஏழை தன் நம்பிக்கையை ஒளிக்க வேண்டும் அல்லது தன் உரிமையை இழக்க வேண்டும். இதுதான் அவனுக்கு இருக்கும் வழி.

இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மூன்றாம் பத்தியை நீக்குமாறு 2007ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் தமிழகச் சட்டமன்றம் தலித் கிறித்தவருக்குப் பட்டியல் இன உரிமை கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. நடுவண் அரசோ இப்பொருளை ஆராய 2022ஆம் ஆண்டு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையத்தை அமைத்து, அதற்குக் காலநீட்டிப்பும் தந்தது. ஆணையங்கள் கேட்பது 1985இல் கேட்கப்பட்ட அதே கேள்வியைத்தான்: சமயத்துக்குள் கொடுமை உண்டா, இல்லையா? நாம் என்ன விடை சொல்லப் போகிறோம்?

மூன்று சாக்குகள்

"நிறம் கண்ணுக்குத் தெரியும், சாதி தெரியாது. எனவே இரண்டையும் ஒப்பிடலாகாது" என்பர் சிலர். தெரியாத சாதியைத் தெரிந்துகொள்ளத்தானே, புதிதாக வந்தவரிடம் "எந்த ஊர்? எந்தத் தெரு?" என்று இரண்டாவது கேள்வியிலேயே துருவுகிறோம்? 1873ஆம் ஆண்டிலேயே மராட்டியத்தின் ஜோதிராவ் பூலே, சாதி அடிமைத்தனத்தைக் கண்டித்து எழுதிய 'குலாம்கிரி' நூலை, நீக்ரோ அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்கு உரித்தாக்கினார். இரு நோய்களின் உறவு அவருக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்கருக்கும் இப்போது தெரிந்துவிட்டது: 2023ஆம் ஆண்டு சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. நம்மவர் கப்பலேறியபோது எதைச் சுமந்து சென்றனர் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

"சாதியை ஒப்புக்கொண்டால் நற்செய்திக்கு இழுக்கு" என்பர் வேறு சிலர். நற்செய்திக்கு இழுக்கு நாம் செய்வதால் வருகிறது, சொல்வதால் வருவதில்லை. யூதர் என்றும் கிரேக்கர் என்றும், அடிமை என்றும் உரிமைக் குடிமகன் என்றும் கிறிஸ்துவுக்குள் வேறுபாடு இல்லை என்று பவுல் எழுதியது, வேறுபாடு பாராட்டிக்கொண்டிருந்த கலாத்தியருக்குத்தான். அந்தியோக்கியாவில் பேதுருவே பிற இனத்தாருடன் உண்பதிலிருந்து பின்வாங்கியபோது, பவுல் அதை மறைக்கவில்லை. எல்லாருக்கும் முன்பாக முகத்துக்கு நேரே கண்டித்தார். அந்த நிகழ்ச்சியை விவிலியம் ஒளிக்கவில்லை. நாம் ஏன் ஒளிக்க வேண்டும்?

"காலம் எல்லாவற்றையும் மாற்றும்" என்பது மூன்றாவது சாக்கு. 1744 முதல் இன்றுவரை காலம் போதிய அவகாசம் பெற்றுவிட்டது. காலம் தானாக எந்தச் சுவரையும் இடித்ததில்லை. கடப்பாரை பிடிக்க ஒரு கை வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, ஒவ்வொரு பங்குப் பேரவையும் தன் எல்லைக்குள் நிலவும் தீண்டாமை வழக்கங்களை எழுத்தில் பதிவு செய்யட்டும். எத்தனை கல்லறைத் தோட்டங்கள், தேர் எந்தத் தெருவுக்குப் போவதில்லை, பேரவையில் யார் இருக்கிறார்கள், விழாக்குழுவில் யார் இல்லை என்பதெல்லாம் எழுதப்படட்டும். பாவச்சங்கீர்த்தனம் தனிமனிதருக்கு மட்டும் உரியதல்ல, பங்குக்கும் உரியது. அந்த ஏடு ஆயரின் மேசைக்கும் போகட்டும், அரசின் ஆணையத்துக்கும் போகட்டும். சூசைக்கு மறுக்கப்பட்ட சான்று அதுவே.

இரண்டாவது, இரட்டைக் கல்லறை உள்ள இடங்களில் அடுத்த அடக்கம் முதல் ஒரே கல்லறை என்று இறைமக்களே முடிவெடுக்கட்டும். ஆயரின் ஆணைக்குக் காத்திருக்க வேண்டாம். எதிர்ப்போர் வந்தால், ரிட்டர் காட்டிய உறுதியை நம் மேய்ப்பர்களிடம் நாம் உரிமையோடு கேட்கலாம். ஆனால் கேட்கும் நாம் சுவரின் எந்தப் பக்கம் நின்று கேட்கிறோம் என்பது முக்கியம்.

மூன்றாவது, நம் திருமண விளம்பரங்களிலிருந்து சாதிப் பெயரை எடுத்துவிடுவோம். இது சிறிய செயல்போலத் தோன்றும். உண்மையில் இதுவே கடினமானது. ஏனெனில் கல்லறைச் சுவர் ஊருக்குச் சொந்தம்; இந்தச் சுவர் நம் வீட்டு நடுக்கூடத்தில் நிற்கிறது.

நான்காவது, தோல் ஷாப்பில் கழிவுத் தொட்டி அடைத்துக்கொள்ளும்போது உள்ளே இறங்க அழைக்கப்படுவது எவருடைய பிள்ளை என்று நாம் கேட்போம். நம் ஊர்க்காரன் மறுத்தால் அயல் மாநிலத்து ஏழை வருகிறான். 2015ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, அடுத்திருந்த ஆலையில் உறங்கிய 10 தொழிலாளர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்தவர். மனிதரை மலிவாக எண்ணும் பழக்கம் ஒரு சாதியோடு நிற்பதில்லை.

மின்னசோட்டாவின் தெருவுக்காக அழுதது தவறல்ல. அந்த அழுகை உண்மையானதா என்பதை நம் பங்குக் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று சோதித்துக்கொள்வோம். யோப்பாவில் பேதுரு அந்தத் தோல் தொழிலாளியின் வீட்டுக்கு வெளியே நின்று அவருக்காகச் செபித்துவிட்டுப் போயிருந்தால், நாம் இன்று கிறித்தவராய் இருந்திருப்போமா? அவர் உள்ளே போனார். பல நாள் தங்கினார். திருச்சபையின் தொடக்கம் அப்படி இருக்க, அதன் மக்களாகிய நாம் இன்னும் எத்தனை தலைமுறைக்கு வாசலிலேயே நிற்பது?